பூஜ்யம் தேடினால் வேகம் குறையுமா?

கேள்வி (வாசகர், சுங்கை சிப்புட்): செம்பனைக் குலை எடைக் கணக்கு லினக்ஸ் மெய்நிகர் கணினியில் ஓடுகிறது. அதன் க்யூகவ்2 (qcow2, தரவு சேரச் சேர வளரும் வகை) வட்டுக் கோப்பு வீங்கிக்கொண்டே போகிறது. மெய்நிகர் கணினியை ஓட்டும் கேமு (QEMU) மென்பொருளில், எழுத வரும் தரவு வெறும் பூஜ்யமா என்று பார்க்கும் 'டிடெக்ட்-ஜீரோஸ்' அமைப்பைப் போடச் சொல்கிறார்கள். எழுதுவதையெல்லாம் துழாவிப் பார்த்தால் வேகம் குறையாதா? தரவை நகலெடுக்கும் டிடி (dd) கட்டளையால் பூஜ்யமாக எழுதிப் பார்த்தேன், வேகம் ஏறியல்லவா காட்டுகிறது!

பதில்: ஏறத்தான் செய்யும். பூஜ்யத்தையே கொட்டினால் கேமு தரவை எழுதாமல், 'இங்கே பூஜ்யம்' என்று குறித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடும். துழாவும் செலவு அதில் தெரியாது.

வட்டு வேகத்தைச் சோதிக்கும் எஃப்ஐஓ (fio) கருவி கொண்டு அளந்து பாருங்கள். முதலில் சோதனை வட்டு முழுவதையும் ஒருமுறை தாறுமாறான தரவால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கிளஸ்டர் (வட்டுக் கோப்பு இடம் ஒதுக்கும் துண்டு) ஒதுக்கும் நேரமும் கணக்கில் கலந்துவிடும். பலரும் சறுக்குவது இங்கேதான். நினைவகத் தேக்கம் குறுக்கிடாமலிருக்க கேமுவில் கேஷ் 'நன்', எஃப்ஐஓவில் டைரக்ட் 1, ஓட்டம் 60 நொடி. 'ரீஃபில்-பஃபர்ஸ்' (ஒவ்வொரு முறையும் புதுத் தாறுமாறான தரவு) போட்டு ஒன்று, 'ஜீரோ-பஃபர்ஸ்' (வெறும் பூஜ்யம்) போட்டு ஒன்று, இரண்டையும் 4 கேபி, 1 எம்பி அளவுகளில். டிடெக்ட்-ஜீரோஸை ஆஃப், ஆன் என மாற்றி மாற்றி 5 தடவை ஓட்டி, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை எடுங்கள். பூஜ்ய ஓட்டம் முடிந்ததும் வட்டை மறுபடி நிரப்ப மறக்காதீர்கள். நொடிக்கு எத்தனை எம்பி என்ற கணக்கோடு, ஹோஸ்டில் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் நிஜக் கணினியில்) சிபியு எவ்வளவு போகிறது என்பதையும் பாருங்கள்.

சாதாரணத் தரவில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கேமு தொடக்கம், நடு, கடைசி என்று சில பைட்டுகளைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கும். ஒன்று பூஜ்யமில்லை என்றாலும் அதோடு விட்டுவிடும். முழுக்கப் பூஜ்யமானால்தான் கடைசிவரை படிக்கும். அதுவும் பெரிய செலவல்ல: சிபியுவின் ஒரு கோர் நொடிக்கு 10 ஜிபி படிப்பதாக வைத்துக்கொண்டால் 1 எம்பிக்கு 0.1 மில்லி நொடி. நொடிக்கு 500 எம்பி எழுதும் சாட்டா எஸ்எஸ்டிக்கு அதே 1 எம்பியை எழுத 2 மில்லி நொடி.

வீண் வேலையும் உண்டு. க்யூகவ்2 கிளஸ்டர் வழக்கமாக 64 கேபி. தரவு நிறைந்த கிளஸ்டருக்குள் 4 கேபி பூஜ்யம் வந்தால் குறித்துவைக்க வழியில்லை. துழாவிய பிறகும் பூஜ்யத்தை எழுதியே ஆகவேண்டும்.

ஆனால் உங்கள் வட்டுக் கோப்பின் வீக்கத்துக்கு இது மருந்தல்ல. அழித்த கோப்பின் தரவு வட்டில் பூஜ்யமாக மாறுவதில்லை, அப்படியே கிடக்கும். 'ஆன்' ஏற்கெனவே ஒதுக்கிய இடத்தையும் திருப்பித் தராது. கேமுவின் 'டிஸ்கார்ட்' அமைப்பை 'அன்மேப்' ஆக்கி, மெய்நிகர் கணினிக்குள்ளே எஃப்எஸ்ட்ரிம் (fstrim, காலி இடத்தைத் திருப்பித் தரும் கட்டளை) ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை போதும், குலை லாரி வராத ஞாயிறு இரவில்.