பிடித்த பாடகரின் ஆல்பம் பிடிக்கவில்லை, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி (கோவை வாசகர் ஒருவர்): சார், நான் பிரிட்டிஷ் ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலின் பழைய ரசிகன். நம்ம எல். சங்கர் இரட்டை வயலின் வாசித்த ‘பேஷன்’ (Passion) ஆல்பத்தைக் கேட்டுத்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன், அப்புறம் ‘ஸோ’, அதற்கு முந்தையவை என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். போன மாதம் அவருடைய ‘ஸ்கிராட்ச் மை பேக்’ எல்பி ரெக்கார்டை, இறக்குமதிப் பிரதி என்று நாலாயிரத்துக்கு மேல் கொடுத்து ஆன்லைனில் எடுத்தேன். போட்டுக் கேட்டால் டிரம்ஸும் இல்லை, கிட்டாரும் இல்லை, பன்னிரண்டு பாட்டும் அடுத்தவருடையது, எல்லாம் இழவு வீடு மாதிரி நகர்கிறது. இடையிடையே படபடவென்று சத்தம் வேறு. விற்பனைப் பக்கத்தில் ‘ராக்’ என்றுதான் போட்டிருந்தது. சீல் உடைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: பாட்டு பிடிக்கவில்லை என்பதற்காகப் போக முடியாது. ‘ராக்’ என்று போட்டதையும் பெரிதாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள், கேப்ரியல் நாளைக்குத் தாலாட்டு பாடினாலும் கடைக்காரர்கள் அந்த அலமாரியில்தான் வைப்பார்கள். ஆனால் போகிற போக்கில் ‘படபடவென்று சத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கு வழி இருந்தால் அதில்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் ஆல்பம். 2010 பிப்ரவரியில் வந்தபோதே பல ரசிகர்களுக்கு இதே ஏமாற்றம்தான். 2002-ல் அவருடைய ‘அப்’ ஆல்பம் வந்த பிறகு எட்டு வருஷம் காத்திருந்தவர்களுக்கு அவர் கொடுத்தது மற்றவர்களின் பாட்டை. டிரம்ஸும் கிட்டாரும் கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட விதி, அதை ஒளித்து வைக்கவும் இல்லை. இப்படி விதி போடுவது அவருக்குப் பழக்கம்தான்: 1980-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர்களிடம் சிம்பலை (டிரம்ஸோடு வைத்து அடிக்கும் உலோகத் தகடு) தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார், அதில் பிறந்த டிரம்ஸ் ஓசையை அந்தப் பத்தாண்டு முழுக்க எல்லோரும் காப்பி அடித்தார்கள். இந்தத் தடவை விதி அவ்வளவு பலன் தரவில்லை என்பது என் கருத்து. பால் சைமனின் ‘தி பாய் இன் தி பபிள்’ எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் அக்கார்டியனும் தென்னாப்பிரிக்கத் தாளமும் துள்ளிக்கொண்டு வரும்; இவர் அதையெல்லாம் கழற்றிவிட்டு பியானோவோடு மெதுவாகப் பாடுகிறார். குண்டுவெடிப்பைப் பற்றிய வரிகள் துள்ளலுக்கு அடியில் கிடந்தவை, இங்கே நேராக முகத்தில் அறைகின்றன. எனக்கு அது பிடித்தது. ஆனால் அதே வைத்தியத்தைப் பன்னிரண்டு பாட்டுக்கும் செய்தால் அலுக்கத்தான் செய்யும். டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ இவர் குரலில் முணுமுணுப்பாகத் தொடங்கி வயலின்கள் மெல்ல மெல்ல ஏறி வரும் பாட்டு, அதை ஆட்டோ ஹாரனுக்கு நடுவில் கேட்டால் ஒன்றும் மிஞ்சாது. இரவில், ஒரு உட்காரலில் இரண்டு மூன்று பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையா, சரி, விட்டுவிடுங்கள்.

இப்போது அந்தச் சத்தம். டிரம்ஸ் அடிக்கும் ரெக்கார்டில் சின்னச் சின்னக் கீறல் ஓசை காதில் விழாது, இந்த மாதிரி அமைதியான இசையில் ஒவ்வொன்றும் கேட்கும். டர்ன்டேபிள் முள்ளைத் துடைத்து, ரெக்கார்டு தட்டையும் சுத்தம் செய்து மறுபடி போடுங்கள். போகாமல், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால் தட்டில்தான் கோளாறு. உங்களிடம் இருக்கும் வேறு நல்ல தட்டு ஒன்றையும் அதே டர்ன்டேபிளில் ஓட்டி, இரண்டையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தட்டு நெளிந்திருந்தால் பக்கவாட்டிலிருந்து எடுங்கள், முள் ஏறி இறங்குவது தெரியும்.

சீல் உடைந்தது என்ற சாக்கு இங்கே செல்லாது. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. சீலை உடைக்காமல் ரெக்கார்டில் குறை இருப்பதை யார் கண்டுபிடிப்பது? தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள்; 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கடிதத்தில் பாட்டு மெதுவாக இருக்கிறது, ராக் இல்லை என்றெல்லாம் ஒரு வரிகூட எழுதாதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு இவருக்குப் பாட்டுதான் பிடிக்கவில்லை என்று கேஸை முடித்துவிடுவார்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவையிலேயே தாக்கல் செய்யலாம், விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இறக்குமதிப் பிரதி என்றீர்களே, உறையில் இறக்குமதியாளர் பெயரும் எம்ஆர்பியும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். எம்ஆர்பிக்கு மேல் வாங்கியிருந்தால் அது தனிப் புகார்.

தட்டில் குறை இல்லையென்றால் இன்னொரு ரசிகருக்கு விற்றுவிடுவதுதான் வழி. உறை கசங்காமல் இருந்தால் பெரிய நஷ்டம் வராது.

அடுத்து வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். அவருடைய ‘நியூ பிளட்’ (2011) அவர் சொந்தப் பாட்டுகள்தான், ஆனால் அதுவும் சிம்பொனி இசைக்குழுவோடுதான், டிரம்ஸுக்காக வாங்கினால் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். எல்விஸின் ‘இஃப் ஐ கேன் டிரீம்’ (2015) மாதிரி ஆல்பங்கள் வேறு ரகம், மறைந்த பாடகரின் பழைய குரலை எடுத்து அதன் மேல் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை ஏற்றியவை. பாடகர் இசைக்குழுவோடு பாடும் வகையில் காசு கொடுத்து வாங்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் ‘போத் சைட்ஸ் நவ்’ (2000). பெரும்பாலும் பழைய காதல் பாடல்கள், கூடவே அவருடைய சொந்தப் பாட்டு இரண்டு, புகை ஏறித் தடித்த குரலில். அதையும் ஸ்ட்ரீமிங்கில் முழுசாகக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.