'ப' வெடிக்காமல் ஒரு பேட்டி

கேள்வி: எங்கள் கல்லூரிச் சமுதாய வானொலியில் தினமும் அரை மணி நேரப் பேட்டி. ஒரு நாள் மருத்துவர், மறுநாள் மீனவர். விருந்தினர் 'ப' சொன்னாலே ஒலி வெடிக்கிறது. பதில்களும் 'ஆமாம்', 'இல்லை'யோடு முடிகின்றன. என்ன செய்யலாம்? – வாசகி, அடையாறு

பதில்: மைக் வாய்க்கு நேர் எதிரே இருந்தால் இப்படித்தான் ஆகும். 'ப' சொல்லும்போது பாயும் காற்று அதன் சவ்வில் மோதுகிறது. ஒரு சாண் தள்ளி, வாயின் ஓரமாக 45 டிகிரி சாய்த்து வையுங்கள். பதிவுக் கருவியின் மீட்டரில் ஒலியின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். திடீரென்று சிரித்தாலும் ஒலி சிதறாது. சென்னைப் புழுக்கத்தில் கஷ்டம்தான், ஆனாலும் மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். கடைசியில் யாரும் பேசாமல் 30 விநாடி அறையின் அமைதியைப் பதியுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மூட அது வேண்டும்.

கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காதீர்கள், தலைப்பு போதும். மனப்பாடம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். மீனவரிடம் 'கடல் தொழில் சிரமமா?' என்றால் 'ஆமாம்'தான் வரும். 'இன்னைக்கு விடியக்காலையில வலை இழுத்ததுல இருந்து சொல்லுங்கண்ணே' என்று கேளுங்கள். அவர் முடித்ததும் இரண்டு விநாடி பொறுங்கள், நல்ல சேதி பெரும்பாலும் அப்போதுதான் வரும். நிகழ்ச்சியை நடுவிலிருந்து கேட்கத் தொடங்குகிறவர்களுக்காக ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை விருந்தினர் பெயரைச் சொல்லுங்கள்.