ஹாங்க் லூயிசெட்டி யார், அவரை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

இன்று கூடைப்பந்தில் ஒரு கையால் குதித்து எறிவது சாதாரணம். ஆனால் 1930களில் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் பெரும்பாலோர் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றி நின்றுதான் எறிவார்கள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் லூயிசெட்டி. 1916இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், சின்ன வயதில் இரு கையால் எறிந்தால் பந்து கூடைக்கு எட்டாததால் ஒரு கைக்கு மாறியவர்.

1936 டிசம்பர் 30, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் விளையாட்டு அரங்கம். தொடர்ந்து 43 ஆட்டங்கள் வென்றிருந்த லாங் ஐலண்ட் பல்கலைக்கழக அணியை ஸ்டான்ஃபோர்டு 45-31 என்று வீழ்த்தியது. லூயிசெட்டி மட்டும் 15 புள்ளிகள். என்னைக் கேட்டால், கூடைப்பந்தின் போக்கையே திருப்பிய இரவு அதுதான், ஏனென்றால் அதற்கப்புறம் நாடெங்கும் பையன்கள் அவரைப் பார்த்து ஒரு கையால் எறியப் பழக ஆரம்பித்தார்கள். 1938 புத்தாண்டு அன்று டுகேன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்தார்.

சரி, தொழில்முறையில் ஏன் ஆடவில்லை? இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் இருந்தபோது, 1944இல் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் இனி ஆடவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது அவருக்கு 28 வயதுதான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 1959இல் கூடைப்பந்துப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார், 2002இல் காலமானார்.