1/7 பிகர்: அந்த ஆறு படத்தை நம்பிக் காசு அனுப்பலாமா?

தம்பி, பாவிச்ச 1/7 பிகர் (கதைப் பாத்திரத்தை ஏழில ஒரு பங்கு அளவில செய்த பிளாஸ்ரிக் உரு) ஒண்டு 9,000 ரூபாவுக்கு வந்திருக்கு, ஆறு படம், விற்கிறவருக்கு எல்லாமே ஐஞ்சு நட்சத்திரம், கல்லடிக்கு எடுக்கலாமா எண்டு கேட்டிருக்கிறீங்க. இப்ப காசு அனுப்பாதீங்க.

நீங்க போட்ட ஆறும் கொம்பனி விளம்பரப் படங்கள் மாதிரித்தான் தெரியுது. முன்பதிவுக்குக் காட்டுறது பெரும்பாலும் கையால வர்ணம் பூசின முன்மாதிரி உரு. தொழிற்சாலையில இருந்து வாறதில அந்த நேர்த்தி எப்பவும் இருக்காது. இண்டைய திகதி எழுதின கடதாசியைப் பக்கத்தில வச்சு, பகல் வெளிச்சத்தில எடுத்த படம் கேளுங்க. முகம் கிட்டத்தில வேணும். போலியில கண் அச்சு விலகி நிற்கும், தோல் எண்ணெய் தடவினது போல மினுங்கும், தலைமயிர் நுனி மொத்தையா இருக்கும். அடிமட்டத்தோட ஒரு படமும் கேளுங்க: 161 சென்ரிமீற்றர் பாத்திரம் நேரா நிண்டா 1/7இல 23 சென்ரிமீற்றர் வரும். பெட்டியில தயாரிப்பாளர்ட சின்னம் இல்லையெண்டா விட்டிடுங்க.

விமர்சனத்தில, பெட்டி திறந்த அண்டைக்கே எழுதினதை நம்பாதீங்க. மாசக்கணக்கில வச்சிருந்தவர் எழுதினதைத் தேடுங்க. இந்த உரு செய்யிற பிவிசி பிளாஸ்ரிக் வெக்கையில இளகும், ஒற்றைக்காலில நிற்கிற உரு மெல்லமெல்லச் சாயும். என்ட ஒண்டு யன்னலோரம் வச்சு கணுக்காலில வளைஞ்சு போச்சு, இண்டைக்கும் மனசு கேக்கல்ல. மட்டக்களப்பு வெயிலுக்கு இதைத்தான் முதல் பார்க்கணும். அடைச்ச பெட்டிக்குள்ள கனகாலம் கிடந்ததெண்டா பிசுபிசுப்பா எண்டும் கேளுங்க. மைபிகர்கலெக்சன் எண்ட சேகரிப்பாளர் தளத்தில, வாங்கினவங்க போட்ட படங்கள் இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பார்த்திட்டு, புதுப் படம் வந்தா இங்க போடுங்க, நானும் பார்க்கிறன்.