வேகமாக மோதினால் பசை ஒட்டு ஏன் விடுகிறது? காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

ஃபைபர் கூட்டுப்பொருள்களை, அதாவது இழை அடுக்குகளை ரெசின் என்ற பிசினில் பதித்து இறுக்கிய தகடுகளை, பசையால் ஒட்டும் வேலை பற்றி வந்த கேள்விகள். கேட்டவர்களில் பாதிப் பேர் மாணவர்கள், மீதி பட்டறைக்காரர்கள்.

காரைக்குடி, இயந்திரவியல் மாணவர்: அண்ணே, மெதுவாக இழுத்தால் நன்றாகத் தாங்குகிற ஒட்டு, மோதல் சோதனையில் சட்டென்று விடுகிறது. வேகம் கூடினால் பசை பலவீனமாகிவிடுமா?

நேர்மாறு தம்பி. எபாக்சியை (இரண்டு பாகத்தைக் கலந்து இறுகவிடும் ரெசின் பசை) வேகமாக இழுத்தால் அதன் வலிமையும் விறைப்பும் கூடும். மூலக்கூறுச் சங்கிலிகள் நகர்ந்துகொடுக்க நேரம் இருக்காது, அதனால்தான். ஆனால் அதே காரணத்தால் நீளும் தன்மை குறைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டிய இணைப்பில் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழும் விசை, சமமாகப் பரவாது, இரண்டு முனைகளிலும்தான் குவியும். 1938-லேயே ஃபோல்கர்சன் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இரண்டு தகடும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாததால் இணைப்பு வளைந்து, முனை உரியப் பார்க்கும் என்பதை 1944-இல் கோலண்டும் ரைஸ்னரும் சேர்த்தார்கள். மெதுவான இழுப்பில் முனைப் பசை கொஞ்சம் இளகிக்கொடுத்து, சுமையை நடுப்பக்கம் தள்ளிவிடும். மோதலில் அதற்கு அவகாசம் இல்லை. அதனால் உச்சச் சுமை கூடியிருந்தாலும், உடைவதற்குள் உறிஞ்சுகிற ஆற்றல் குறைந்துபோகலாம். பசை டப்பாவில் வலிமை எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ரப்பர் துகள் கலந்த, விரிசலை எதிர்க்கிற எபாக்சியா என்று பாருங்கள்.

தேவகோட்டை, ஃபைபர் பட்டறை: உடைந்த இடத்தில் பசை அப்படியே இருக்கு, ஃபைபர்தான் தோல் உரிந்த மாதிரி வந்திருக்கு. அப்ப பசை நல்லதுதானே?

நல்லதுதான். ஒட்டிய விதமும் சரி. இழை போகும் திசையில் ஃபைபர் பலசாலி. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே வெறும் ரெசின்தான், பலவீனமான இடம் அதுதான். வேகத்தில் பசை விறைத்துக்கொண்டதும், விரிசல் பசையை விட்டு முதல் அடுக்குக்குள் இறங்கிவிடும். மேலடுக்கின் இழை சுமை வரும் திசையிலேயே இருக்கட்டும், தகட்டு முனையைச் சரிவாகச் சீவுங்கள், வழிந்த பசையைச் சுரண்டி எடுக்காமல் முனையில் சரிவாக விடுங்கள். முனைக் குவிப்பு நன்றாகக் குறையும்.

பயப்பட வேண்டியது வேறு: ஒரு பக்கம் பசை முழுசாக, மறுபக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால், மேற்பரப்பைத் தயார் செய்ததில் கோளாறு. பெரும்பாலும் அச்சிலிருந்து வந்த மெழுகு. முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டு, அப்புறம்தான் உப்புத்தாள் போட வேண்டும். மாற்றிச் செய்தால் மெழுகைத் தேய்த்து உள்ளே ஏற்றுகிறீர்கள். தேய்த்த பிறகு தூளைத் துடைத்து, சுத்தமான தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படலமாகப் பரவி நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி முதலிலிருந்து. ஒட்டுவதற்கு முன் ஈரம் முழுக்கக் காய வேண்டும்.

கண்டனூர்: பசையைத் தடிமனாகப் பூசினால் அதிர்ச்சி தாங்குமா?

எபாக்சியில் வேண்டாம். பொதுவாக 0.1 முதல் 0.3 மி.மீ. போதும்.

காரைக்குடி, ஆய்வு மாணவி: கார்பன் ஃபைபரை அலுமினியத்தோடு ஒட்டி மோதல் சோதனை செய்ய வேண்டும். எதைக் கவனிக்க?

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற ஊரில் அரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை! கார்பன் நேரடியாகத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும். நடுவில் மெல்லிய கண்ணாடி இழை அடுக்கு வையுங்கள். சோதனைக்கு ஹாப்கின்சன் தண்டு முறை: நீளமான இரண்டு தண்டுகளுக்கு நடுவே துண்டை வைத்து, ஒரு தண்டின் முனையில் அடித்து, ஓடும் அலையை அளப்பது. 1914-இல் ஹாப்கின்சன் தொடங்கியதை 1949-இல் கோல்ஸ்கி இரட்டைத் தண்டாக்கினார். நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரையான திரிபு வேகம் (தன் நீளத்தோடு ஒப்பிட்டால் துண்டு எவ்வளவு வேகமாக உருமாறுகிறது என்ற கணக்கு) இதில் கிடைக்கும். எஃகுத் தண்டில் அலை நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடும், எனவே எல்லாம் மைக்ரோநொடிக் கணக்கு. துண்டைச் சின்னதாக வெட்டுங்கள். நீளமாக இருந்தால் இரு முனையிலும் விசை சமமாவதற்குள்ளேயே உடைந்துவிடும், அந்த அளவீட்டை நம்ப முடியாது. எடை விழுத்தும் கோபுரம்தான் இருக்கிறது என்றால் அதுவும் பயன்படும், ஆனால் விசை வரைபடத்தில் வருகிற அதிர்வலையை ஒட்டின் வலிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புதுவயல்: சித்திரை வெயிலில் வண்டியில் ஒட்டிய பாகம் தாங்குமா?

அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சிகள் பல 50–60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்த பாகம் வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். இறுகிய பிறகு, தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் சில மணி நேரம் வைத்தெடுங்கள், இளகும் வெப்பநிலை மேலே போகும். இல்லையென்றால் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள்.