குளிரில் கூடாரம்: இரண்டு ஸ்வெட்டர் போதுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 42. அடுத்த மாதம் தோழிகளோடு மலையில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறேன். இரவில் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போகும் என்கிறார்கள். இரண்டு வருடமாக, குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாலே என் விரல்கள் வெள்ளையாகி மரத்துப் போகின்றன. ஆஸ்துமாவும் உண்டு, இன்ஹேலர் பயன்படுத்துகிறேன். கனமான ஸ்வெட்டர் இரண்டு, காட்டன் பனியன் ஆறு, ஜீன்ஸ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். போதுமா? நான் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் பையைக் கட்டுவதற்கு முன் விரல்களைப் பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்வது ரேனாட்ஸ் எனப்படும் பிரச்சினை போலத் தெரிகிறது. குளிர் பட்டதும் விரல்களின் சிறு ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிவிடும். விரல் வெளுக்கும், பிறகு நீலமாகும், சூடு திரும்பும்போது சிவந்து குத்தும். பெரும்பாலும் இது சின்ன வயதிலேயே தொடங்கும், தொல்லை தருமே தவிர ஆபத்தில்லை. நாற்பதில் புதிதாகத் தொடங்கினால் மட்டும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மூட்டு வலி, தோல் இறுகுவது, விரல் நுனியில் புண் என்று ஏதாவது கூடவே இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். ஒற்றைத் தலைவலிக்கோ படபடப்புக்கோ ப்ரோப்ரனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். அது விரலுக்கும் ஆகாது, ஆஸ்துமாவுக்கும் ஆகாது.

சரி, இப்போது பை. அந்த ஆறு காட்டன் பனியன்களையும் ஜீன்ஸையும் வெளியே எடுத்துவிடுங்கள். கூடாரத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் வெறும் குளிரல்ல, ஈரம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கொண்டுபோகும். ஏற்றத்தில் நடக்கும்போது வியர்ப்பீர்கள், காட்டன் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நின்றதும் அந்த ஈரம் முதுகில் பனிக்கட்டிபோல ஒட்டும். உடம்பை ஒட்டிப் போட மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், அதன் மேல் உங்கள் ஸ்வெட்டர்களில் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். வியர்க்கும் முன்பே ஒன்றைக் கழற்றுங்கள், உட்கார்ந்ததும் உடனே மாட்டுங்கள். சோம்பல் பட்டுக்கொண்டு இதைச் செய்யாதவர்கள்தான் இரவில் நடுங்குகிறார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு முகாமில், நாள் முழுக்க நடந்த அதே சாக்ஸோடு, அதன் மேல் இன்னொரு ஜோடியையும் இழுத்து மாட்டிக்கொண்டு படுத்தேன். நள்ளிரவில் கால்விரல்கள் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று. ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்து இழுத்துத் திறந்தேன். இரண்டு தப்பு: சாக்ஸ் ஈரம், அதோடு இறுக்கம். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும், எத்தனை ஜோடி போட்டாலும் பயனில்லை. அன்றிலிருந்து தூங்குவதற்கென்றே ஒரு தெர்மல், ஒரு ஜோடி தடித்த சாக்ஸ், ஒரு குல்லா மூன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துவிடுவேன். பகலில் என்ன ஆனாலும் அந்தப் பையைத் திறப்பதில்லை.

உங்கள் விரல்களுக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாகச் சேரும் மிட்டன் நல்லது. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். உள்ளே மெல்லிய கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் ஜிப் திறக்க மிட்டனைக் கழற்றும்போதும் தோல் வெறுமனே வெளியே தெரியாது. இன்னொரு விஷயம், நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு முதலில் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். அதனால் கை சில்லிட்டால் உடம்பையும் மூடுங்கள்.

படுக்கையில் பலர் ஏமாறுவது அடியில். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கிவிடும், காற்று தங்க இடமிருக்காது, தரை சூட்டை உறிஞ்சிவிடும். கீழே விரிக்கக் குளிர் தாங்கும் மேட் இல்லாமல் எவ்வளவு விலையுள்ள பேக் வாங்கியும் பிரயோஜனமில்லை. பேக் வாங்கும்போது அதில் 'லிமிட்' என்று போட்டிருக்கும் வெப்பநிலையை நம்பாதீர்கள், வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலையைக் காட்டும் 'கம்ஃபர்ட்' என்றிருப்பதைப் பாருங்கள். வெந்நீர் பாட்டிலை இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். வெறும் பாட்டில் தோலைப் பொசுக்கிவிடும். முகத்தை மட்டும் பேக்குக்குள் நுழைக்காதீர்கள், மூச்சின் ஈரத்தில் காலையில் உள்ளே எல்லாம் நசநசக்கும்.

ஆஸ்துமாவுக்கு மஃப்ளரால் மூக்கையும் வாயையும் மூடி, மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். வறண்ட குளிர்காற்று நேரே உள்ளே போனால் மூச்சுக்குழாய் சுருங்கும். இன்ஹேலரை முதுகுப் பையில் வைக்காதீர்கள், குளிர்ந்துபோனால் மருந்து சரியாக வெளிவராது. பகலில் உள்பாக்கெட், இரவில் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள். டார்ச் பேட்டரியையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ மூட்ட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். 'சூட்டுக்கு ஒரு பெக்' என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சூடு ஏறியதுபோல இருக்கும், ஆனால் தோலின் வழியாக உடம்புச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

தோழிகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்: யாராவது நாக்குக் குழற, தடுமாறி, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது களைப்பு மட்டுமல்ல. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஈரத் துணியை மாற்றி, போர்த்தி, தெளிவாக விழுங்க முடிந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடுங்கள். நடுக்கம் தானாக நின்றுபோய் ஆள் குழம்பினால் உடனே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். உங்கள் விரல் வெளுத்தால் அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்க வேண்டாம், நெருப்பில் காட்டவும் வேண்டாம். வழக்கமாகத் திரும்பும் நேரம் தாண்டியும் நிறம் வராமல், தோல் மெழுகுபோலக் கெட்டியாக இருந்தால் அது ரேனாட்ஸ் இல்லை, உறைபுண், அதாவது குளிரில் தோலும் சதையும் உறைந்துபோவது. இறங்கி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இரண்டு ஸ்வெட்டர் கேட்டீர்களே, ஒன்று போதும். இன்னொன்று இருந்த இடத்தில் உதிரியாக ஒரு ஜோடி மிட்டனை வையுங்கள். முதலில் தொலைவதும் நனைவதும் அதுதான்.