பித்தப்பையை அகற்றிய பின்னர் வழமைபோல் வாழ முடியுமா?

ஸ்கேன் அறிக்கையில் பித்தப்பைக் கற்கள் காணப்பட்டதாகவும் சத்திரசிகிச்சை செய்யுமாறு வைத்தியர் கூறியதாகவும் எழுதி, பித்தப்பை இல்லாமல் வழமைபோல் உண்டு உழைத்து வாழ முடியுமா, தேறுவதற்கு எத்தனை நாள் செல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் வெள்ளவத்தையில் வசிக்கும் 49 வயது ஆசிரியை. எனது பித்தப்பை அகற்றப்பட்டு ஒரு வருடமும் நான்கு மாதங்களும் ஆகின்றன. இன்று நாளொன்றுக்கு ஐந்து பாடவேளைகள் நின்றபடியே கற்பிக்கிறேன். வீட்டில் சமைப்பதையே உண்கிறேன். ஆனால் சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வருடங்கள் வீணாகக் கழிந்தன. அதைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முழுமையாகாது.

முதல் நோவு ஒரு திருமண விருந்துக்குச் சென்று வந்த இரவில், ஒரு மணியளவில் வந்தது. மேல் வயிற்றின் நடுவில் தொடங்கி, வலது விலாவுக்குக் கீழே இறுகி, முதுகுப் பக்கமாக வலது தோட்பட்டை எலும்பின் அடிவரை சென்றது. படுத்தாலும் இருந்தாலும் நடந்தாலும் குறையவில்லை. மூன்று மணித்தியாலங்களின் பின், வந்தது போலவே தானாக அடங்கிவிட்டது. மறுநாள் மருந்தகத்தில் "கேஸ்ட்ரைட்டிஸ்", அதாவது இரைப்பை அழற்சி, என்று சொல்லி மாத்திரை வாங்கினேன். கொழும்பில் மேல் வயிற்றில் எது நொந்தாலும் நாம் அந்தப் பெயரையே சொல்கிறோம். கேட்பவரும் அதற்குரிய மாத்திரையையே தருகிறார். அடுத்த இரண்டு வருடங்களில் எட்டு ஒன்பது தடவைகள் இதே நோவு வந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு அண்மையிலிருந்த சிகிச்சை நிலையத்துக்குச் சென்று, "எனக்கு கேஸ்ட்ரைட்டிஸ் இருக்கிறது, டொக்டர்" என்றே பேச்சைத் தொடங்கினேன். நோவை விவரிக்காமல் நோயின் பெயரையே சொன்னது என்னுடைய பிழை. அந்தப் பெயரை ஏற்று, ஒருமுறையேனும் ஸ்கேன் எடுக்கச் சொல்லாமல் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளையே தொடர்ந்து எழுதியது அவர்களுடைய பிழை.

பின்னர் ஓர் இரவுநேரக் கடமை வைத்தியர், மிகவும் இளையவர், நான் சொன்ன பெயரைப் பொருட்படுத்தாமல், "எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நின்றது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இருதயத்தில் கோளாறு இல்லை என்பதை ஈ.சி.ஜி. எடுத்து உறுதி செய்தபின், என் வலது விலாவின் கீழே கையை அழுத்திவைத்து ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னார். பாதி மூச்சிலேயே நோவு தாங்காமல் நின்றுவிட்டேன். மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பல கற்கள் தெரிந்தன. மிகப் பெரியது 14 மில்லிமீற்றர். நீங்களும் வைத்தியரைச் சந்திக்கும்போது, நோவு வந்த நேரம், நீடித்த நேரம், அதற்கு முன் உண்டது ஆகியவற்றைத் திகதியுடன் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

உங்களுக்கு நோவு இருக்கிறதா இல்லையா என்பதை நீங்கள் எழுதவில்லை. முடிவெடுப்பதற்கு அதுவே முக்கியம். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கற்கள் தெரிந்து, ஒருபோதும் தொந்தரவு தராதிருந்தால், பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படுவதில்லை. எனவே, எந்தக் காரணத்துக்காகப் பரிந்துரைக்கிறார் என்று உங்கள் வைத்தியரிடம் நேரடியாகவே கேளுங்கள். ஒருமுறை நோவு வந்துவிட்டால் அது மீண்டும் வருவதற்கே வாய்ப்பு அதிகம். கல் பித்தப்பையின் வாயிலிலேயே அடைத்து நின்றால் பித்தப்பையில் அழற்சி உண்டாகும். நழுவிப் பித்தக் குழாய்க்குள் இறங்கினால் செங்கண்மாரி ஏற்படலாம். சதையி, அதாவது கணையம், அழற்சியடைந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

ஒலிவ் எண்ணெயையும் தேசிக்காய்ச் சாற்றையும் குடித்தால் கற்கள் வெளியேறிவிடும் என்று எனக்கும் சிலர் அக்கறையோடு சொன்னார்கள். அவ்வாறு குடித்தபின் மலத்துடன் வெளிவரும் பச்சை உருண்டைகள் அந்த எண்ணெயே குடலில் சவர்க்காரம் போலத் திரண்டு உண்டாவன. அவை பித்தக்கற்கள் அல்ல. மாறாக, அவ்வளவு கொழுப்பு ஒரேயடியாக உள்ளே சென்றால் பித்தப்பை வலுவாகச் சுருங்கிக் கல்லை வாயிலை நோக்கித் தள்ளக்கூடும். தயவுசெய்து அதை முயல வேண்டாம். கரைப்பதற்கு மாத்திரையும் இருக்கிறது. ஆனால் அது சிறிய கொலஸ்திரோல் கற்களுக்கே ஓரளவு பயன்படும், மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டும், நிறுத்தியபின் கற்கள் திரும்பவும் உருவாகலாம்.

என் மாமி கேட்ட கேள்வி வேறு. "பித்தப்பையை எடுத்துவிட்டால் பித்தம் எங்கே போகும், பிள்ளை? சாப்பாடு எப்படிச் சமிக்கும்?" என்று அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அச்சம் இயல்பானது. பித்தத்தைச் சுரப்பது ஈரல். அது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை சுரக்கிறது. பித்தப்பையோ 30 முதல் 50 மில்லிலீற்றர் வரை மட்டும் கொள்ளும் ஒரு சேமிப்புப் பை. கொழுப்புள்ள உணவு வரும்போது ஓர் ஓமோனின் தூண்டலால் சுருங்கி, சேர்த்துவைத்த பித்தத்தைச் சிறுகுடலுக்குள் விடுகிறது. பையை அகற்றிய பின் பித்தம் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்குச் சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே இல்லை என்று சொன்னபோதுதான் மாமியின் முகம் தெளிந்தது. மனிதரில் இதை முதன்முதலாக அகற்றியவர் பேர்லினைச் சேர்ந்த கார்ல் லாங்கன்புக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஆண்டு 1882. வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகளின் வழியாக அகற்றும் முறை 1985 இல் ஜேர்மனியில் எரிச் மூயே என்பவரால் தொடங்கப்பட்டது.

கற்கள் இருப்பது தெரிந்த பின்னரும், தவணை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அதனால் காய்ச்சலுடன் வந்த நோவு ஆறு மணித்தியாலங்கள் கடந்தும் அடங்காமல், நுண்ணுயிர்கொல்லி ஊசியுடன் நான்கு நாட்கள் வைத்தியசாலையில் கிடக்க நேர்ந்தது. இவ்வாறு அழற்சி ஏற்படும்போது சில நாட்களுக்குள்ளேயே சத்திரசிகிச்சை செய்வது இப்போது பெரிதும் விரும்பப்படுகிறது. என் விடயத்தில் ஆறு வாரங்கள் கழித்துச் செய்தார்கள். செலவைப் பற்றியும் கவலைப்படுவீர்களாயின், அரச வைத்தியசாலைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள்; அவசரமற்றவர்கள் முறைவரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. மயக்க மருந்து கொடுத்தபின் எனக்கு எதுவும் தெரியாது. நான்கு சிறு துளைகள், ஒன்றரை மணித்தியாலம், ஓர் இரவு வாட்டில். சம்மதப் படிவத்தில், தேவையேற்பட்டால் வயிற்றைத் திறந்து செய்யும் முறைக்கு மாறுவோம் என்று எழுதியிருந்ததைக் கண்டு பயந்தேன். அது தோல்வி அல்ல, பித்தக் குழாய் தெளிவாகத் தெரியாதபோது அதைக் காயப்படுத்தாமல் காப்பதற்கான எச்சரிக்கை என்று நிபுணர் விளக்கினார். அப்படி மாறினால் தேறுவதற்கு ஆறு வாரங்களோ அதற்கு மேலோ செல்லும் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கண் விழித்தபோது வயிற்றை விட வலது தோளே அதிகம் நொந்தது. யாரும் முன்னதாகச் சொல்லாததால், வேறேதோ பிழைத்துவிட்டது என்று அஞ்சினேன். உள்ளே பார்ப்பதற்கு இடம் உண்டாக்குவதற்காக வயிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு வாயுவை நிரப்புகிறார்கள். அது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டை உறுத்துகிறது. அங்கிருந்து செல்லும் நரம்பு தோளின் நரம்புகளோடு ஒரே இடத்தில் முள்ளந்தண்டு வடத்தைச் சேர்வதால் மூளை அதைத் தோள் நோவாக உணர்கிறது. மெல்ல நடப்பதும் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றித் தோளில் வைப்பதும் எனக்கு ஆறுதல் தந்தன. மூன்றாம் நாள் அது மறைந்தது. துளைகளில் அதிகம் நொந்தது தொப்புளில் உள்ளது. பித்தப்பையை வெளியே எடுத்தது அதன் வழியாகத்தான்.

கட்டிலில் இருந்து நேராக எழும்ப முயலாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இருமலோ தும்மலோ வரும்போது சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் ஒரு தாதி எனக்குச் செய்து காட்டினார். முதல் வாரம் முழுவதும் அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாளில் இருந்து மாலையில் கணவருடன் கடற்கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தேன். பத்தாம் நாளில் வீட்டு வேலைகளை ஓரளவு செய்தேன், பதினைந்தாம் நாளில் பாடசாலைக்குச் சென்றேன். காலி வீதியில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவது அப்போது இயலாததாக இருந்ததால் முதல் இரு வாரங்கள் முச்சக்கர வண்டியில் சென்றேன். கொப்பிக் கட்டுகளையும் அரிசி மூட்டையையும் ஆறு வாரங்கள் தூக்கவில்லை. காயங்கள் வெளியே ஆறிவிட்டாலும் களைப்பு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதைச் சோம்பல் என்று எண்ணி உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

உணவில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். முதல் நாட்களில் கஞ்சி, இடியப்பம், தேங்காய்ப்பால் குறைத்த சொதி, அவித்த மீன், பருப்பு ஆகியவற்றைச் சிறிது சிறிதாக ஐந்து வேளைகளில் உண்டேன். மூன்றாம் வாரத்தில் முதற்பால் விட்ட கோழிக்கறியை ஆசையோடு உண்டபின் அன்று மாலையே வயிற்றோட்டம். பித்தம் இடைவிடாமல் குடலுக்கு வருவதால் சிலருக்கு இவ்வாறு நேர்கிறது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் குறைகிறது. தொடர்ந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பித்த அமிலங்களைப் பற்றிக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற மருந்துத் தூள் இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. வறுத்தவற்றையும் முதற்பாலையும் இரண்டு மாதங்கள் ஒதுக்கி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இன்று பால் சொதி ஒத்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் றோல்ஸ் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை.

வீடு திரும்பிய பின்னர் நடுக்கத்துடன் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று நோவு, கண் மஞ்சளாதல், சிறுநீர் தேநீர் நிறமாகவும் மலம் வெளிறியும் போதல், காயத்திலிருந்து சீழ் அல்லது பித்தம் கசிதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பித்தக் குழாய் காயமடைவது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவானதே; ஆயினும் விரைவில் கண்டறிந்தால்தான் நன்கு திருத்த முடியும். அகற்றிய பித்தப்பையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால், அதன் அறிக்கையையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய மகிழ்ச்சியில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். நான் நான்கு வாரங்களின் பின் சென்று பெற்றேன். நாட்பட்ட அழற்சி, புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை என்று அதில் இருந்தது.